நட்டு வந்துவிட்டது, சக்கரம் வரவில்லை

9 மார்ச் 2024 — காயல்பட்டினத்து வாசகர் ஒருவர் கேட்டது

நான்கு நட்டையும் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. வண்டி ஜாக்கியில் நிற்கிறது. சக்கரம் அசையவே இல்லை, ஹப்போடு (சக்கரம் உட்காருகிற அச்சுத் தலையோடு) வெல்டிங் வைத்த மாதிரி இருக்கிறது. டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சம்மட்டியோடு வந்து நிற்கிறார், அடிக்க விடலாமா? கிரீஸ் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார் ஒருவர். கிரீஸ் போட்டால் ஓடும்போதே சக்கரம் கழன்று போகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

9 மார்ச் 2024, இரவு 9.40

சம்மட்டியை வாங்கி உள்ளே வையுங்கள். அண்ணாச்சிக்கு ஒரு காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அலாய் வீல் என்றால் ஓர் அடியில் விளிம்பு தெறிக்கும், இரும்பு ரிம் என்றால் வளையும். அதற்கெல்லாம் முன்னால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும்.

நட்டுகளைத் திரும்பப் போடுங்கள். கையாலேயே முழுக்க ஏற்றிவிட்டு, ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியை இறக்குங்கள். முதல் கியரில் இரண்டடி முன்னால் போய் பிரேக்கை நறுக்கென்று பிடியுங்கள். ரிவர்ஸில் இரண்டடி வந்து அதே மாதிரி பிடியுங்கள். நாலைந்து முறைக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அங்கேயே நிறுத்தி மறுபடி ஜாக்கி வைத்தால் சக்கரம் கையோடு வரும்.

9 மார்ச் 2024, இரவு 10.15

ஒன்றை விட்டுவிட்டேன். இதை வாசலுக்குள் செய்யுங்கள். நட்டைத் தளர்த்திய வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். தளர்ந்த நட்டோடு நூறடி போனால் ஸ்டட்டின் (நட்டு ஏறுகிற கம்பியின்) மரை தேய்ந்துவிடும். இரண்டடி என்றால் இரண்டடிதான். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒடித்து நகர்த்துங்கள், பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்து வேலை செய்யும்.

10 மார்ச் 2024

நாலாவது முறை சத்தம் வந்ததாம். அண்ணாச்சிதான் ஏமாந்து போனாராம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானாகக் கண்டுபிடித்ததில்லை. என் வண்டி 2012 ஸ்விஃப்ட், அலாய் வீல். வீடு தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரில்தான் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர். கார் அச்சு மட்டத்துக்கு மூழ்கி நின்றது. மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, உப்பளத்துத் தண்ணீரும் கலந்தது. வடிந்த பிறகு எஞ்சின் ஆயில், கியர் ஆயில், சீட்டு, கார்ப்பெட் எல்லாவற்றுக்கும் செலவு செய்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒர்க்‌ஷாப்காரருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் மதுரையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பட்டு வேட்டியோடு போகிறேன். எட்டயபுரத்துக்குச் சற்று முன்னால் பின் இடது டயர் பஞ்சர். வெயில் பதினொரு மணிக்கே மண்டையைப் பிளக்கிறது. நட்டு நான்கையும் ஸ்பேனர் மேல் ஏறி நின்று கழற்றினேன். சக்கரம் வரவில்லை. இழுத்தேன், உதைத்தேன், உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்தேன். பட்டு வேட்டியில் டயர் கரி. மனைவி, ‘விடுங்க, பஸ்ஸுல போயிருவோம்’ என்று சொல்லிவிட்டு புளியமரத்து நிழலுக்குப் போய்விட்டாள்.

உப்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. இறங்கிய டிரைவர் நாமக்கல்காரர். எதுவும் கேட்கவில்லை. தரையில் கிடந்த நட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார், தளர்த்தினார், ஜாக்கியை இறக்கினார், சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். காற்று இல்லாத டயரோடு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. இரண்டாவதில் ‘டொக்’. இறங்கி வந்து சொன்னார்: ‘நட்ட கழட்டிப்போட்டுட்டு சண்ட போடக் கூடாதுங்ண்ணா. நட்ட வச்சுக்கிட்டு சண்ட போடணும்.’

மதுரையில் கறி முடிந்துவிட்டது. ரசம் இருந்தது.

12 மார்ச் 2024

ஏன் ஒட்டுகிறது என்பதற்கு வருவோம். ‘துரு’ என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறோம், பாதிதான் சரி.

ஹப்பின் நடுவில் ஒரு வட்டமான மேடு இருக்கும். சக்கரத்தின் நடுத்துளை அதன் மேல் இறுக்கமாக உட்காரும். இடைவெளி மயிரிழைதான். தண்ணீர் அந்த இடுக்குக்குள் தானே ஏறிக்கொள்ளும், ஆனால் லேசில் வெளியே வராது. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரும்பு துருவானால் அந்தத் துரு பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிக இடம் கேட்கும். இடம் ஏது? அதனால் மேடும் துளையும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்கின்றன. வெல்டிங் மாதிரி இருக்கிறது என்கிறோமே, அங்கே உருகி ஒட்டியது எதுவும் கிடையாது, எல்லாம் நெரிசல்தான்.

அலாய் வீலில் கூடுதலாக ஒன்று. ஹப் இரும்பு, வீல் அலுமினியம். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரி ரெடி. இந்த ஜோடியில் அரிபடுவது அலுமினியம். எட்டயபுரத்தில் கழற்றிய சக்கரத்தின் நடுத்துளையில் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஹப் பக்கம் காவி நிறத் துரு, வீல் பக்கம் வெள்ளைப் பொடி. கோயில் மதில் மாதிரி.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றிய விசைப்படகின் அடியில் காற்றாடி பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை. நம் காரில் அந்த வேலையைக் கூலி கேட்காமல் செய்வது அலாய் வீல்.

12 மார்ச் 2024, இரவு

கிரீஸ் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் சரி. போடுகிற இடம்தான் விஷயம்.

நான் செய்தது: நான்கு சக்கரத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் ஹப் மேட்டையும் நடுத்துளையையும் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, காப்பர் கிரீஸ் தடவினேன். ஸ்டட் மரைக்கும் கொஞ்சம். அடுத்த முறை நட்டு மேல் ஏறி நிற்க வேண்டாமே.

(கீழே 23, 24 ஜூன் குறிப்புகளைப் படிக்காமல் மேலே உள்ளதைச் செய்யாதீர்கள்.)

15 மார்ச் 2024

‘தேங்காய் எண்ணெய் போதாதா?’ என்று ஒரு கேள்வி. போதாது. தாவர எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். பழைய தையல் மிஷினில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தாத்தா மாட்டுவண்டிக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார். மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கும். விளக்கெண்ணெயும் தாவர எண்ணெய்தானே என்பீர்கள். ஆனால் அவர் சக்கரத்தை அடிக்கடி கழற்றினார், பழையதை வழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். நான் இதற்கு முன் பன்னிரண்டு வருடத்தில் கழற்றியது பஞ்சருக்கு மட்டும்.

18 மார்ச் 2024

கேஸ் டார்ச்சால் சூடு காட்டினால் ஹப் விட்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகுட்டிக்காரர்கள் யாரும் செய்ய வேண்டாம். டயர் மாட்டிய ரிம்முக்குச் சூடு காட்டவே கூடாது. உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு உண்டாகும், அழுத்தமும் ஏறும். வெடித்தால் டயர் துண்டு ஆளைத் தூக்கி எறியும். காற்றை இறக்கிவிட்டேன் என்பதும் காப்பாற்றாது. டயரைப் பிரித்தெடுத்த பிறகு சூடு காட்டலாம் என்றால், டயரைப் பிரிக்கச் சக்கரம் வெளியே வர வேண்டுமே. போதாததற்கு பேரிங் கிரீஸ் உருகி வடியும், ஏபிஎஸ் சென்சார் கருகும்.

18 மார்ச் 2024, பின்னேரம்

சரி, சூடு வேண்டாம், முன்னும் பின்னும் ஓட்டியும் வரவில்லை, வேறு என்ன வழி? எனக்குத் தெரிந்த வரிசையில்:

நடுத்துளை மூடியை எடுத்துவிட்டு ஹப்பும் வீலும் சேருகிற வட்டத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். டபிள்யூடி-40 பரவாயில்லை, ஆனால் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் டீசல் விடுவார்கள், பிரேக் ஆயில் விடுகிறவர்களும் உண்டு. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், ஜாக்கிரதை. எதுவானாலும் சொட்டுச் சொட்டாக, டிஸ்க்கில் படாமல்.

பிறகு நட்டை முழுக்கக் கழற்றாமல் ஸ்டட் முனையில் நிறுத்திவைத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கி, சக்கரத்துக்கு முதுகு காட்டி நின்று குதிகாலால் டயரில் உதையுங்கள். ரிம்மில் உதைக்க வேண்டாம். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. சக்கரத்தை அரைச்சுற்று திருப்பி மறுபடி. கழுதை உதைப்பது போல் என்று சொன்னால் புரியும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சவுக்குக் கட்டை. கட்டையின் ஒரு முனை உட்பக்க டயர் ஓரத்தில், மறுமுனையில் சுத்தியல், சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் அடி. இதற்கு உடம்பு கொஞ்சம் வண்டிக்கு அடியில் போகும். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஸ்டெப்னியைப் படுக்கை வசமாக அடியில் தள்ளிவைத்தாலாவது வண்டி சரியும்போது உயிர் மிஞ்சும்.

ஜாக்கியிலிருந்து வண்டியைத் திடீரென்று இறக்கி, அந்த அதிர்ச்சியில் விட வைக்கிற வித்தையும் உண்டு. நான் ஒருமுறை செய்தேன்.

19 மார்ச் 2024

நேற்றைய கடைசி வித்தையை எடுத்துவிடுங்கள். ஜாக்கி சறுக்கிக் கதவுக்குக் கீழே தகடு நசுங்கியதை எழுதாமல் விட்டிருந்தேன். எழுதாமல் விட்டது யோக்கியம் இல்லை.

2 ஏப்ரல் 2024

இரண்டு வேறு நோயை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ‘சக்கரம் சிக்கிக்கொண்டது’ என்று இன்று ஒருவர் கேட்டதில், சக்கரம் சுற்றவே இல்லை என்று இருக்கிறது. அது ஹப் பிரச்சினை அல்ல. ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தோடு நிறுத்திய வண்டியில் பின் பிரேக் டிரம்முக்குள் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவில் பாதி வண்டிகளுக்கு இதுதான். எனக்கும் ஜனவரியில் வந்தது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, மரச்சுத்தியலால் டிரம் மேல் தட்டினால் பெரும்பாலும் விடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுத்தால் லைனிங் பிய்ந்துகொண்டு வரும்.

டிரம்மையே கழற்ற வேண்டுமென்றால், பல கார்களில் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளை இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். அந்தத் துளை எதற்கு என்று தெரியாமல் எத்தனை டிரம் உடைந்திருக்கிறதோ.

மழைக்காலத்தில் நாலு நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

20 ஏப்ரல் 2024

கார் இல்லாதவர்களுக்கும் ஒன்று. அப்பாவின் டிவிஎஸ் 50, பின்சக்கர அச்சுக் கம்பி புஷ்ஷோடு துருப்பிடித்து இறுகிவிட்டது. அடித்தால் கம்பி முனை காளான் மாதிரி விரியும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. மெக்கானிக் பெரியவர் செய்தது: நட்டைக் கம்பியின் முனையோடு சமமாக நிற்கும்வரை திருகினார், அதன் மேல் பித்தளைத் துண்டு வைத்து, அதன் மேல் சுத்தியல். நட்டு இருப்பதால் மரை நசுங்கவில்லை. மாலையில் எண்ணெய், காலையில் நாலு தட்டு. மூன்று நாள். மூன்றாம் நாள் காலையில் டீ குடித்துக்கொண்டே ஒரு கையால் தட்டினார், வந்துவிட்டது. ‘நேத்தே வந்துருக்கும், நான்தான் கேக்கல’ என்றார்.

23 ஜூன் 2024

தலை குனிந்து எழுதுகிறேன்.

ஸ்டட் மரைக்குக் கிரீஸ் போட்டேன் என்றேன் அல்லவா? நேற்று டயர் மாற்றப் போன கடையில் பின் வலது சக்கரத்தில் ஒரு நட்டு பாதியில் இறுகி, ஸ்டட்டோடு அறுந்து வந்தது. கடைப் பையன் நட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘கிரீஸ் போட்டு ஏறி மிதிச்சீங்களா சார்?’ என்றான். ஆமாம், இரண்டும் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் நட்டு முறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். வண்டியோடு வந்த ஸ்பேனர் சுமார் 25 சென்டிமீட்டர். அதன் நுனியில் 35 கிலோ எடையளவு அழுத்தினால் 85 வந்துவிடும். நான் 78 கிலோ. மேலே ஏறி நின்றால் 190. இது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு கிரீஸ். உலர்ந்த மரையில் நாம் கொடுக்கிற முறுக்கத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும், மீதிதான் ஸ்டட்டை இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். கிரீஸ் போட்டால் உராய்வு குறையும், அதே முறுக்கத்துக்கு ஸ்டட்டின் மேல் இழுவை எகிறும். 85 என்று புத்தகம் சொல்வது சுத்தமான, உலர்ந்த மரைக்கு. இரண்டு தப்பும் சேர்ந்து ஸ்டட் மிட்டாய் மாதிரி நீண்டு போயிருக்கிறது.

ஆக, கிரீஸ் போட்டால் சக்கரம் கழன்று போகும் என்றவர் பேச்சிலும் விஷயம் இருந்திருக்கிறது. நட்டு தானாகக் கழலும் என்று அவர் பயந்தார். எனக்கு ஸ்டட் அறுந்தது.

ஸ்டட் மரைக்கு எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் துடைத்தால் போதும். நட்டு உட்காருகிற கூம்புக்கும் எதுவும் வேண்டாம். ஹப்பின் தட்டையான முகத்தையும் சுத்தம் மட்டும் செய்யுங்கள், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த முகத்தின் உராய்வு. கிரீஸ் நடு மேட்டைச் சுற்றி மட்டும், கண்ணுக்கு மை தீட்டுகிற அளவு. அப்பினால் சூட்டில் உருகிப் பிரேக்குக்குத் தெறிக்கும்.

24 ஜூன் 2024

காப்பர் கிரீஸையும் திரும்பப் பெறுகிறேன். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் இரும்பைவிட மோசமான ஜோடி. நாமே பேட்டரிக்கு இன்னொரு தகடு வாங்கிக் கொடுத்த கதை. இரும்பு ரிம் வைத்திருப்பவர்களுக்கு காப்பர் கிரீஸ் பரவாயில்லை. அலாய் வீலுக்கு அலுமினியம் கலந்தது அல்லது செராமிக் வகை ஆன்டி-சீஸ் (இறுகி ஒட்டாமல் காக்கிற பசை) கேட்டு வாங்குங்கள். சின்ன டியூப் ஒன்று இருந்தால் பல வருடம் வரும்.

இந்த விஷயத்தில் நான் இதுவரை சொன்னதில் திருத்தாமல் நிற்பது அண்ணாச்சிக்குக் காப்பி கொடுங்கள் என்றது மட்டும்தான் போல.

7 ஜூலை 2024

பழைய ஜீப் வைத்திருக்கும் கோவில்பட்டி அன்பருக்கு: ஏறி மிதிக்கும் முன் ஸ்டட் முனையைப் பாருங்கள். வில்லிஸ் ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வலது பக்கம் வழக்கம்போல் கழலும். இடது பக்கம் நாம் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். என் மாமா ஒருவர் இப்படி மூன்று ஸ்டட்டை ஒரே மாலையில் உடைத்தார். அதற்குப் பிறகு குடும்பத்தில் அவருக்கு ‘மரை கழன்றவர்’ என்ற பெயர் இரட்டை அர்த்தத்தில் நிலைத்துவிட்டது.

8 ஜூலை 2024

ஸ்டெப்னி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு. 1904-ல் அந்த ஊர் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போது கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. ஆரம் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயர், அதை பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்வ வைத்து ஓட்டிவிட வேண்டியது. யோசித்தால் புத்திசாலித்தனம், ஒட்டிக்கொண்ட சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். கம்பெனி போய்விட்டது, தெருப் பெயர் நம் டிக்கிக்குள் படுத்திருக்கிறது.

13 அக்டோபர் 2024

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை. இந்த வருடம் முதல் நாளே நான்கையும் கழற்றினேன். நடு மேட்டில் மார்ச்சில் போட்ட காப்பர் கிரீஸின் மிச்சத்தைத் துணியால் துடைத்து, புது ஆன்டி-சீஸ் தடவி, முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட்டேன். முறுக்கு ஸ்பேனர் ஒன்று வாங்கிவிட்டேன், 85 வந்ததும் ‘க்ளிக்’ என்கிறது. எதிரெதிர் நட்டாக இறுக்கினேன். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு சுற்று சரிபார்த்தேன், எதுவும் நகரவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘தோசக்கல்லுக்கு ராத்திரி எண்ணெ தடவி வைக்கிறேன்ல, அதானல இது?’ என்றாள். கொண்டல் காற்று அடிக்கிற ஊரில் தடவாமல் வைத்த கல் காலையில் காவி பூத்திருக்கும். ஆமாம்மா, அதேதான். ஏழு மாதமாக இங்கே நான் எழுதியதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

திருஷ்டிக்கு உப்பு சுற்றி வண்டி மேல் போடக் கிளம்பியவளைத்தான் தடுக்க வேண்டியிருந்தது.

15 அக்டோபர் 2024

பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ரென்று ஏற்றுகிறார்களே, அதைத் தடுப்பது எப்படி என்று கேள்வி. தடுக்க முடியாது. ‘கடைசி இறுக்கு நான் கையால் போட்டுக்கிறேன் தம்பி’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாதிப் பேர் விடுவார்கள். மீதிப் பேரிடம் வேலை முடிந்ததும் நாலடி தள்ளி நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, நாமே மறுபடி இறுக்க வேண்டியதுதான்.

திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருப்பவர்கள் அதன் சாவி எங்கே என்று இன்றே தேடிப் பாருங்கள். இன்றே.

11 மே 2025

ராமேஸ்வரம் போய்விட்டு வந்தேன். ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலம் பக்கத்தில், 1914-ல் திறந்த பழையது காவி நிறத்தில் நிற்கிறது. 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அந்தக் காற்றின் குணம் அப்படி. துருவைப் பற்றியும் ஆராய காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) என்று ஒரு தேசிய ஆய்வகமே இருக்கிறது, அவர்களுக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கிளை உண்டு. எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

தனுஷ்கோடி போய்வந்தால் மறுநாளே சக்கர வளைவுக்குள் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அங்கே காற்றில் பறந்து வருகிற மணலும் உப்பும் இடுக்குக்குள் போய் உட்காரும். கழுவியதும் அப்படியே மூடி போட்டு நிறுத்தாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிரேக் சூட்டில் ஹப் காயும்.

1 அக்டோபர் 2025

இந்த வருட ஆயுத பூஜை. கழற்றியது மகள். கல்லூரி முதல் வருடம், 46 கிலோ. முறுக்கு ஸ்பேனர் இறுக்க மட்டும், கழற்ற நீளக் கம்பி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நான்கு சக்கரமும் உதை வாங்காமல் கைக்கு வந்தன. நடுத்துளையில் வெள்ளைப் பொடி இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவள் கேட்டாள், ‘அப்பா, ஸ்டெப்னி?’

டிக்கி ரப்பர் எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. பாயைத் தூக்கினால் குழியில் இரண்டு விரல்கடைத் தண்ணீர். போன வருடம் பிப்ரவரியில் உள்ளே போட்டதோடு சரி, ஆயுத பூஜையிலும் தொடவில்லை. நடுவில் பிடித்து வைக்கிற திருகு காவி உருண்டையாகக் கிடக்கிறது. அசையவில்லை. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

2 அக்டோபர் 2025, காலை

வந்துவிட்டது. காற்று இல்லை.